மரத்தின் மேல் ஓர் இரவு

ஜிம் கார்பெட் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகனுக்கு ஞாபகம் வருவது புலிதான். தி.ஜ.ர.வின் 'குமாயுன் புலிகள்' நம்மில் பலருக்குச் சிறு வயதில் தூக்கத்தைக் கெடுத்த புத்தகம். ஆனால் கார்பெட்டின் கடைசிப் புத்தகத்தைப் படித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். 'ட்ரீ டாப்ஸ்' என்று பெயர். ஒரே உட்காரலில் படித்துவிடக்கூடிய சிறு நூல். 1955ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், 79 வயதில் அவர் கென்யாவில் இறந்தார். அதே வருஷத்தில் நூல் வெளிவந்தது. அதில் புலி கிடையாது, வேட்டையும் கிடையாது. நீர்நிலை ஓரத்து மரத்தின்மேல் சில பேர் ஒரு பகலின் பிற்பாதியையும் ஓர் இரவையும் கழிக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான். ஆனாலும் அவருடைய நூல்களில் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது இதுதான்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கென்யாவில் நியேரி என்ற ஊருக்கு அருகே அபர்டேர் மலைக்காடு இருக்கிறது. நியேரியில் ஹோட்டல் நடத்திவந்த எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்ற ஆங்கிலேயர், 1932ஆம் வருஷம் அந்தக் காட்டில் ஒரு பெரிய அத்தி இன மரத்தின்மேல் குடில் ஒன்று கட்டினார். மரத்தடியில் குளம், குளத்தைச் சுற்றி உப்பு மண். தண்ணீரும் உப்பும் இருந்தால் மிருகங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, அவையே வரும். விருந்தாளிகள் ஏணி வழியாக ஏறிப் பேச்சைக் குறைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். யானையும் காண்டாமிருகமும் நீர்மானும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். அன்று புதுமையாக இருந்த இந்த ஏற்பாடு இன்று ஒரு பெரிய தொழில். நீர்நிலை, அதன்மேல் விளக்கு, எதிரே நாற்காலி என்று எத்தனையோ நாடுகளில் விடுதிகள் வந்துவிட்டன. அந்த அனுபவத்துக்கு முதலில் ஓர் இலக்கிய உருவம் கொடுத்தவர்களில் கார்பெட்டைச் சேர்க்க வேண்டும்.

1952 பிப்ரவரி 5ஆம் தேதி அங்கே வந்த விருந்தாளிகள் இளவரசி எலிசபெத்தும் அவர் கணவரும். துணைக்கு வரும்படி கார்பெட்டை அழைத்திருந்தார்கள். அன்றிரவு சாண்ட்ரிங்காமில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோனார். ஏறும்போது இளவரசி, இறங்கும்போது ராணி. இறங்கியபோது அது அவருக்கே தெரியாது. நூல் முழுவதையும் தாங்கி நிற்பது இந்த ஒரு விஷயம். நமக்குத் தெரிந்திருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. யானைகளைப் படம் பிடிக்கிறார், சிரிக்கிறார், தந்தையின் உடம்பைப் பற்றி அன்போடு பேசுகிறார். கார்பெட் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. மிகையாகச் சொல்லக் கூடிய இடங்களிலெல்லாம் அடக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட பலருக்கு வராத கட்டுப்பாடு இது.

மிருகங்களைச் சொல்லும் இடங்களில் பழைய கார்பெட் முழுசாக இருக்கிறார். தரையில் இரை பொறுக்கும் புறாக்கள்மேல் ஒரு யானை துதிக்கையால் புழுதியை உறிஞ்சி ஊதுகிற இடம் ஒன்று உண்டு. வயதான மனுஷன், வயதான யானையின் விஷமத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவது அதில் தெரிகிறது. நீர்மான்கள் இரண்டு மோதி, ஒன்று குத்துண்டு விழுகிற இடத்தில் அந்தச் சந்தோஷம் சட்டென்று அடங்குகிறது. வர்ணனைக்காக வர்ணனை என்பதே அவரிடம் இல்லை.

இவ்வளவு இருந்தும் புத்தகத்தை மூடியபிறகு ஒரு குறை உறுத்துகிறது. அதைச் சொல்லக் கார்பெட்டின் இந்தியப் பரணுக்கு ஒருதரம் போய்வர வேண்டும்.

ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை 125 பேரைக் கொன்றது என்பது அரசாங்கக் கணக்கு. கேதாரத்துக்கும் பத்ரிக்கும் போகிற யாத்திரிகர்களின் வழியில் எட்டு வருஷம் அது ஆட்சி செய்தது. அதற்காக ஒரு பாலத்தின் கோபுரத்தின்மேல் 20 இரவுகள் உட்கார்ந்தார் கார்பெட். கடைசியில் 1926 மே மாதம் ஒரு மாமரத்தின் மேலிருந்து அதைச் சுட்டார். அந்த நூலில் சிறுத்தைக்குச் சமமாக மனிதர்கள் இருக்கிறார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்கும் கிராமத்தார், பிள்ளையைப் பறிகொடுத்த தாய், யாத்திரிகர்களுக்கு இடம் கொடுக்கும் பண்டிதர் எல்லோரையும் அவருக்குத் தெரியும். பரண்மேல் அவர் உட்கார்ந்தது அவர்களுக்காக. கீழே அவர்கள் இருக்கிறார்கள் என்ற ஞாபகம்தான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கனம் கொடுக்கிறது.

ட்ரீ டாப்ஸிலும் அவர் இரவு முழுவதும் ஏணியின் தலைமாட்டில் காவல் இருக்கிறார். 76 வயதில் அது சாமானியமான காரியமல்ல. அதே பொறுமை, அதே கூர்மையான காது. ஆனால் யாருக்காகக் காவல் என்பது மாறிவிட்டது. காவல் காப்பது அரண்மனை விருந்தாளிகளை. அந்தக் காட்டின் ஓரத்தில் வாழ்ந்த கிகுயு மக்களில் நம் மனசில் நிற்கும்படியாக ஒருவர்கூட நூலில் இல்லை. மிருகம் ஒவ்வொன்றுக்கும் குணம் கொடுத்தவர், மனிதர்களை நிழலாக விட்டுவிட்டார்.

அந்த மரத்தின் இனத்தைக் கிகுயுக்கள் 'முகுமோ' என்பார்கள். அவர்களுக்கு அது புனிதமான மரம். அதனடியில் பலியிட்டுப் பிரார்த்தனை செய்வது அவர்கள் வழக்கம். அவர்களுடைய நிலத்தில் ஒரு பகுதியை வெள்ளைக் குடியேறிகளுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோபம் கலகமாக மூண்டு, 1952 அக்டோபரில், இளவரசி வந்துபோன எட்டாவது மாதத்தில், நாட்டில் அவசரநிலை பிரகடனமாயிற்று. 1954 மே மாதம் அந்த மரமும் குடிலும் தீக்கிரையாயின. கொளுத்தியவர்கள் மௌ மௌ போராளிகள். கார்பெட் தமது நூலை முடிப்பது அந்தச் சாம்பலில்தான். கரிந்த அடிமரத்துக்காக அவர் வருந்துவது உண்மையான வருத்தம். ஆனால் ஏன் கொளுத்தினார்கள் என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை.

வயதான காலத்தில் எழுதிய சிறு நினைவுக் குறிப்பில் அரசியலைத் தேடுவது நியாயமா என்று கேட்கலாம். வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் தேடமாட்டேன். 'மை இந்தியா' எழுதியவரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த நூலை இந்திய ஏழைகளுக்கு அர்ப்பணம் செய்தவர் அவர். அளவுகோல் நான் கொண்டுவந்ததல்ல, அவரே கொடுத்தது. 1947இல் இந்தியாவை விட்டுப் போனபோது தம்முடைய மனிதர்களையும் அவர் இங்கேயே விட்டுப் போய்விட்டார் போலிருக்கிறது.

இதே காட்டைப் பற்றி இன்னொரு நூல் உண்டு. கராரி ன்ஜாமா என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1953இல் போராளிகளோடு சேர்ந்து அபர்டேர் காட்டுக்குள் போனார். படித்தவர் என்பதால் தலைவர் டெடான் கிமாத்திக்கு எழுத்து வேலைகளில் துணையாக இருந்தார். அவருடைய அனுபவங்கள், டொனால்ட் பார்னெட் என்ற ஆராய்ச்சியாளரின் கூட்டு முயற்சியில், 'மௌ மௌ ஃப்ரம் விதின்' என்று 1966இல் புத்தகமாயின. இலக்கிய நயத்தில் அது கார்பெட்டுக்கு ஈடல்ல. நீளம், கனம், நடுவே ஆராய்ச்சிக் குறிப்புகள் வேறு. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். ஒன்றில் காடு ராத்திரிக் காட்சி. மற்றதில் காடு வீடு, அரண், பட்டினி. அந்தக் காட்டின்மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. போராளிகளைத் தேடிப் போட்ட குண்டுகளுக்கு யானைகளும் தப்பவில்லை. மரத்தின் மேலிருந்து அன்போடு பார்த்த மிருகங்களை அதே அரசாங்கம் பிறகு என்ன செய்தது என்பது கார்பெட்டின் நூலில் வராத அத்தியாயம்.

இது ஒரு மரத்தின் கதையோடு முடிவதாகவும் இல்லை. நமீபியாவில் எட்டோஷா என்ற பெரிய சரணாலயம் இருக்கிறது. அங்கே ஒக்காக்வேயோ முகாமில், விளக்கு வெளிச்சத்தில் நீர்நிலைக்கு வரும் மிருகங்களைக் காண உலகமெங்குமிருந்து ஜனங்கள் போகிறார்கள். அந்த நிலத்தில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள் ஹாயோம் மக்கள். அந்த நீர்நிலைகள் பலவற்றுக்கு அவர்கள் மொழியில் பெயர் உண்டு. 1954இல், அபர்டேர் மரம் எரிந்த அதே வருஷத்தில், அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். மிருகங்கள் இருக்கலாம், மனிதர்கள் கூடாது என்று ஆயிற்று.

இதனால் நீர்நிலை ஓரத்து இரவு பொய் என்று சொல்ல வரவில்லை. இருட்டில் யானை தண்ணீர் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டவன் கொஞ்சமாவது அடக்கம் கற்றுக்கொள்வான், அது லாபம்தான். ஆனால் எழுத்தாளன் அதைப் பற்றி எழுத உட்காரும்போது, குளத்தையும் அதற்கு வரும் பாதைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தப் பாதையில் இப்போது யாரும் வருவதில்லை என்றும் கேட்க வேண்டும்.

வாக்கரின் குடிலை 1957இல் வேறு இடத்தில் பெரிதாகக் கட்டினார்கள். 1983இல் ராணி மறுபடி வந்து பார்த்தார். 2013இல் பிரிட்டிஷ் அரசாங்கம், அவசரநிலைக் காலத்துச் சித்திரவதைகளுக்கு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. கார்பெட் கேட்காத கேள்விக்கு அறுபது வருஷம் கழித்து ஒரு கச்சேரித் தஸ்தாவேஜில் பாதிப் பதில் கிடைத்தது. மீதிப் பாதியை எழுத ஒரு நாவலாசிரியன் வேண்டும். கார்பெட்டின் கண்ணும் காதும் அவனுக்கு இருந்தால் நல்லது.