கசியும் மூளைக்கு ஹெப்பாரினா?

ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு தெரிகிறது. அதைப் பார்த்த பிறகும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைப் போடச் சொல்கிறார் நரம்பியல் டாக்டர். உறவினர்கள் மிரண்டுபோவார்கள், மருத்துவ உலகமே இதில் நெடுநாள் தயங்கியதுதான்.

அந்தத் தயக்கம் அசட்டுத்தனமல்ல. ஆனால் மூளைச் சிரை அடைப்பு நோயில் கசிவு விளைவு, காரணம் அடைப்பு. சிரையில் ரத்தம் உறைந்து வழி அடைபட்டால், மூளைக்குள் வந்த ரத்தம் வெளியேற முடியாது. பின்னழுத்தம் ஏறி நுண்குழாய்கள் கசியும். ஹெப்பாரின் கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் நிறுத்துகிறது; கரைப்பது உடம்பின் வேலை.

தர்க்கம் சரி, சான்று? 1991இல் ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்லின் குழு 20 பேரோடு ஆய்வை நிறுத்திக்கொண்டது. ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் யாரும் இறக்கவில்லை. பெறாத 10 பேரில் மூவர் இறந்தனர். கண்ணைப் பறிக்கும் கணக்கு, ஆனால் மிகச் சிறிய கணக்கு. 1999இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 59 பேர். பலன் தெரிந்தது, தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இல்லை. இரண்டையும் கூட்டினாலும் 79 பேர்தான். உயிர் காக்கிறது என்பதைப் புள்ளியியல் இன்னும் ஒப்பவில்லை. ஆனால் பயம் வேறொன்றைப் பற்றியது: கசிவு பெருகுமா? இந்த இரு ஆய்வுகளிலும் மருந்து பெற்றவர்களில் அறிகுறி காட்டும் புதிய மூளைக்கசிவு ஒன்றுகூட இல்லை. ஆகவே கசிவைக் காட்டி ஹெப்பாரினை மறுப்பதற்கு நியாயமில்லை என்பதே என் தீர்ப்பு. குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கு, குறைந்த சான்றோடு ஏற்கும் அந்தச் சலுகை கிடையாது. 67 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் கூடுதல் பலன் தென்படவில்லை. பகட்டான கருவி என்பதற்காக மட்டும் அதை எல்லோருக்கும் வழக்கமாக்க முடியாது.

மருந்தைவிடப் பலவீனமான இடம் நோயைக் கண்டுபிடிப்பது. 2004இல் வெளியான, 624 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருந்தது. ஆனாலும் பாதிப் பேருக்கு நோய் தெரிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆனது. பிரசவித்த பெண்ணுக்கு ஆபத்து கூடுதல். ‘பச்சை உடம்பு’ என்று தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் அதை மேலும் கூட்டக்கூடும். அவள் தலைவலியை ‘முதுகுல ஊசி போட்டதால’ என்று தள்ளிவிடுவது எளிது. ஊசித் தலைவலி படுத்தால் பெரும்பாலும் தணியும். சிரை அடைப்பின் வலி படுத்தாலோ முக்கினாலோ ஏறலாம். இந்த வேறுபாடும் எப்போதும் கைகொடுக்காது. சாதாரண சிடி ஸ்கேன் நார்மல் என்று வரலாம். சந்தேகம் இருந்தால் சிரைகளைக் காட்டும் வெனோகிராம் எடுத்தே ஆகவேண்டும்.