பங்குதாரரா, குடிமக்களா?

இணையத்தின் ஆட்சியைக் குறித்துத் தமிழில் எழுதுவோர் சிலர், ‘பல பங்குதாரர் முறை’ என்னும் தொடரை ஆண்டு வருகின்றனர். ஆங்கிலச் சொல்லொன்றுக்கு நேராக வந்த இத்தொடர், கருத்தரங்கக் கட்டுரைகளிலும் செய்தித்தாள்களிலும் தடையின்றி உலவுகிறது. இது வெறும் சொற்பிழையாயின் ஒரு சிறு குறிப்போடு விட்டுவிடலாம். ஆனால், இணையத்தின் வருங்காலத்தை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்னும் பெரிய வினா இச்சொல்லுக்குப் பின்னே மறைந்து நிற்கிறது.

பங்குதாரர் என்பவர் யார்? ஒரு வாணிகத்தில் முதல் போட்டு, அதற்கேற்ப ஆதாயம் பெறுபவர். நூறு பங்குடையார்க்கு நூறு வாக்கு. பங்கில்லாதார்க்கு வாய்திறக்கவும் இடமில்லை. ஆங்கிலச் சொல்லோ, ஒரு செயலின் விளைவால் நன்மையோ தீமையோ எய்தக்கூடிய அனைவரையும் தழுவுவது. காசு போடாதவனும் அதனுள் அடங்குவான். சரி, ‘பங்காளி’ என்று மாற்றிக்கொள்ளலாமே எனின், அச்சொல் நம்மவர்க்கு வரப்புச் சண்டையையும் நீதிமன்றப் படிக்கட்டையும் அன்றோ நினைவூட்டுகிறது! நிற்க.

மொழிபெயர்த்தவர் அறியாமற் செய்த இப்பிழை, நடைமுறையை நோக்குமிடத்து மெய்யாகிவிட்டதோ என ஐயுற வேண்டியிருக்கிறது. அதனை விளக்கும் வரலாறு ஒன்று உண்டு.

இணையப் பெயர்களையும் எண்களையும் ஒழுங்குபடுத்தும் ‘ஐகேன்’ என்னும் அமைப்பு 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றியது. அதன் இயக்குநர் குழுவில் ஐவரை, உலகின் ஐந்து வட்டாரங்களிலுமுள்ள இணையப் பயனர்கள் தாமே நேராகத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் ஒன்று 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்தது. பதினாறு வயது நிரம்பி, மின்னஞ்சல் முகவரியும் அஞ்சல் முகவரியும் உடைய எவரும் வாக்காளராகலாம். மறைவெண் அஞ்சலில் வந்து சேரும். அதைக் கொண்டு கணினி வழியே வாக்களிக்க வேண்டும். நாட்டெல்லை கடந்து, தனி மனிதரை வாக்காளராகக் கொண்டு ஓர் உலகப் பொது அமைப்புக்கு இத்தகைய தேர்தல் நடப்பது அரிதினும் அரிது.

முடிவு என்னவாயிற்று? வாக்களித்தோர் மொத்தம் 34,035 பேர். ஆப்பிரிக்கக் கண்டம் முழுமைக்கும் விழுந்தவை 130 வாக்குகளே. ஆசிய, ஆஸ்திரேலிய, பசிபிக் வட்டாரத்திலோ 17,745. அவற்றுள் 13,913 வாக்குகளைப் பெற்று ஜப்பானியரான மசனோபு காத்தோ வென்றார். அவர் புஜிட்சு நிறுவனத்தைச் சார்ந்தவர். நம் மலேசியாவின் சுரேஸ்வரன் ராமதாசும் அவ்வட்டாரத்தில் போட்டியிட்டார் என்பதை நம்மவருள் எத்துணைப் பேர் அறிவர்? அக்காலத்தில் ஒவ்வொரு நாடும் தன் மக்களைப் பதிந்துகொள்ளச் செய்வதில் முந்தியது. எனவே எண்ணிக்கை பெருகிய இடம் வென்றது. கருத்து வென்றதா என்பது வேறு.

இக்குறைகளைக் காட்டித் தேர்தல் முறையையே கைவிட்டார்கள். 2002-இல் விதிகள் திருத்தப்பட்டன. நேர்த்தேர்தல் போயிற்று, அதனிடத்தில் பயனர்களுக்காக ஓர் ஆலோசனைக் குழு வந்தது. ஆலோசனை கூறலாம், வாக்களிக்க இயலாது. பின்னர் 2010-இல், இயக்குநர் குழுவில் வாக்குரிமையுள்ள ஓர் இடம் பயனர் பிரிவுக்கு வழங்கப்பட்டது. ஐந்து இடங்கள் இருந்தது ஓரிடமாயிற்று. அதற்குரியவரையும் அமைப்புக்குள் இருக்கும் குழுக்களே தேர்கின்றன. 130 வாக்கு விழுந்த கண்டத்தில் 130-ஐ 13,000 ஆக்குவது எப்படி என்று ஆராய்வதே முறை. ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றைத் தூர்த்த கதையாக அல்லவா இது முடிந்தது! அத்தேர்தல் குறையுடையது என்பதை மறுப்பார் இல்லை. எனினும் முதல் தேர்தலிலேயே குறை கண்டு தேர்தலை ஒழிப்பதாயின், உலகில் எந்த நாட்டிலும் மக்களாட்சி வேரூன்றியிராது.

அத்தேர்தலில் வட அமெரிக்காவில் வென்ற கார்ல் அவர்பாக் என்பாரைப் பற்றியும் கூற வேண்டும். இயக்குநர் என்ற முறையில் அமைப்பின் கணக்கேடுகளைப் பார்க்க அவர் விரும்பினார். அமைப்பு கட்டுப்பாடுகளை விதித்தது. அவர் 2002-இல் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டே கலிபோர்னியா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மக்கள் தேர்ந்த ஒருவர் கணக்கைப் பார்க்க நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பது சிந்தனைக்குரியது.

இவ்விடத்தில் தமிழன்பர் சிலர் உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டுவர். சீட்டுக் குலுக்கிக் குடிமக்களைத் தேர்ந்து, அவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் முறை மேனாடுகளில் இந்நாளில் பரவி வருகிறது. இணையத்தின் வருங்காலம் பற்றியும் 2020-இல் பல நாடுகளில் இத்தகைய கூட்டங்கள் நடந்தன. “இது நம் குடவோலை முறையன்றோ!” என மார்தட்டுவதில் பொருளுண்டா? முதற் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டை முழுவதும் படித்தல் நன்று. கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையில் வீடும், மறைக் கல்வியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட அகவையும் உடையவரே குடத்தில் பெயரிடத் தகுந்தவர். உழுதவனுக்கு அதில் ஓலையில்லை. ஆகவே அதுவும் ஒருவகையில் பங்குதாரர் முறையே! ஆனால் அக்கல்வெட்டில் நாம் கற்கத் தக்க விதியொன்று உண்டு. முன்னர்ப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். கணக்குக் காட்டாதவனை விலக்கியது பத்தாம் நூற்றாண்டுச் சபை. கணக்குக் கேட்டவனுக்குத் தடை விதித்தது இந்நூற்றாண்டு அமைப்பு.

தேர்தலும் சீட்டும் அன்றி மூன்றாவது வழியொன்றும் உண்டு. கருத்துக் கேட்டல் என்பது அது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச்சில் 118 பக்கமுள்ள ஆய்வறிக்கையொன்றை வெளியிட்டு, இருபது வினாக்களை எழுப்பிக் கருத்துக் கேட்டது. இணையத்தில் எல்லாத் தளங்களையும் நிறுவனங்கள் ஒப்ப நடத்த வேண்டுமா என்பதே அடிப்படை வினா. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அவ்வாண்டிறுதியில் மறுபடியும் நான்கு வினாக்கள் கேட்கப்பட்டபோது, ஃபேஸ்புக் நிறுவனம் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவாகத் தன் பயனர்களைக் கொண்டே இலட்சக்கணக்கான மடல்களை அனுப்பச் செய்தது. அவை திட்டத்தை வாழ்த்தினவேயன்றிக் கேட்ட வினாக்களுக்கு விடை கூறவில்லை என ஆணையம் குறை கூறியது. முடிவில், 2016 பிப்ரவரி 8-ஆம் நாள், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்குதல் கூடாதென ஆணையிட்டது.

முதலில் வந்த மடல்களிலும் பெரும்பகுதி முன்னரே எழுதிவைத்த படிவந்தானே என்று ஒருவர் வினவலாம். ஆம், படிவமே. ஆயினும் அது இருபது வினாக்களுக்கும் விடை தாங்கிய படிவம். அனுப்புவோர் படித்துப் பார்த்துத் திருத்தவும் இடமிருந்தது. மாணவன் பிறர் உரையைப் பார்த்து எழுதினாலும், கேட்ட வினாவுக்கு விடை எழுதினானா என்று ஆசிரியர் முதலில் பார்ப்பாரன்றோ? ஆணையம் செய்ததும் அதுவே. மேற்கூறிய தேர்தலில் காணாத ஒன்று, அதாவது தலைகளை மட்டும் எண்ணாமல் காரணத்தை எடைபோடும் நெறி, இங்கே ஓரளவு காணக்கிடக்கிறது.

இனி நம் மொழியின் நிலையைக் காண்போம். ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இல் வகுத்த இடம், 1988-இல் இந்தியாவில் எழுந்த குறியீட்டு முறையை அடியொற்றியது. உயிர்மெய்க்குத் தனியிடம் வேண்டுமா என்று தமிழ் கற்பிக்கும் ஆசிரியரை அன்று கேட்டார் இல்லை. அதன் விளைவைப் பின்னர்ப் பல்லாண்டு பேசித் தீர்த்தோம். மாறாக, 1997-இல் சிங்கப்பூரில் தொடங்கி 1999-இல் சென்னையில் நிகழ்ந்த மாநாடுகளில் புலவரும் பொறியாளரும் ஒருங்கமர்ந்து வாதிட்டனர். தமிழ்99 விசைப்பலகை அதன் பயன். 2010-இல் கிரந்தத்துக்கு இடம் வகுக்கும் முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழெழுத்துகளையும் சேர்க்க முயன்றபோது தமிழ் மக்கள் மறுப்பெழுதினர்; தமிழ்நாட்டரசும் தலையிட்டது. 2014-இல் கிரந்தம் ஒருங்குறியில் ஏறியது. அவ்வைந்து எழுத்துகள் அதில் இல்லை. பங்குத்தொகை செலுத்தாதவர் சொல்லும் சில வேளை அம்பலம் ஏறும் என்பதற்கு இது சான்று.

ஆகவே ‘பங்குதாரர்’ என்பதை விடுத்து, ‘உரியோர்’ எனலாம் என்பது என் கருத்து. யார் உரியர், எதனால் உரியர் என்னும் வினாவை அச்சொல்லே எழுப்பிவிடும். பாடநூல் எழுதுவோரும் ஆசிரியரும் இதனை ஆராய்ந்து சொல்வாராக.

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டளவில் நிற்பதன்று. இணைய முகவரிகளின் இறுதிப் பெயரைத் தமிழில் எழுதுதற்குரிய விதிகளை ஐகேன் அமைப்பின் கீழ் ஒரு குழு வகுத்து, பொதுமக்கள் கருத்தையும் கேட்டு, 2019-இல் முடித்தது. ‘ஔ’ என்னும் ஓரெழுத்தும், ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவதால், ஒரு முகவரியைப் போலவே வேறொன்றைப் படைத்து மக்களை ஏய்க்க முடியும். இதனைத் தடுக்க என்ன செய்வது என்பதும் அதில் ஆராயப்பட்டது. முதல் வகுப்பில் அரிச்சுவடி கற்பிக்கும் ஆசிரியைக்கு நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கல் இது. கருத்துக் கேட்ட அறிக்கையோ ஆங்கிலத்தில் இருந்தது.