பல்கீயின் மருந்துப் பெட்டி

அபூ ஸைத் அல்பல்கீயைப் புவியியல் அறிஞராகவே நம்மில் பலர் அறிவர். ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அப்பெரியார், ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் மருத்துவ நூலும் யாத்தவர். அதில் உடலுக்கு 14 இயல்கள், உள்ளத்துக்கு 8. உள்ளம் பற்றிய பகுதியை ஸூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலமாக்க, அது 2013-ல் வெளிவந்தது. நெஞ்சு படபடத்து, உறக்கமிழந்து, இன்னதென்றறியா அச்சத்தில் உழல்வோரிடம், “ஈமான் குறைந்துவிட்டது, வேறென்ன?” என்று தீர்ப்புரைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆகவே இந்நூலை ஆவலோடு கையிலெடுத்தோம்.

ஆவல் வீண்போகவில்லை. உடலின் நோயைவிட உள்ளத்தின் துன்பமே மாந்தரை அடிக்கடி வருத்துவது என்கிறார் பல்கீ. அதைப் பாவமென்றோ பலவீனமென்றோ அவர் இகழவில்லை. அதற்கு இருவகை உதவி சொல்கிறார். ஒன்று, பிறர் தரும் நல்லுரை. மற்றது, தன்னுள்ளிருந்தே எழும் எண்ணம். எதிர்பாராத காயத்துக்கென நலமாயிருக்கும்போதே மருந்தைச் சேர்த்து வைப்பது போல, மனம் அமைதியுற்றிருக்கும் வேளையிலேயே நல்லெண்ணங்களைத் திரட்டி வைத்துக்கொள் என்கிறார். புயல் அடிக்கும்போது கூரை வேய முடியாதன்றோ! கலங்கிய நெஞ்சம் தனக்குத்தானே நீதி சொல்ல இயலாது என்பதையும் அவர் நன்குணர்ந்திருந்தார். பிறர் துணை வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அச்சத்தைப் பேசுமிடத்தில் ஓர் உவமை வருகிறது. பாலைவாசி ஒருவன் முதன்முதலாகப் பனிமூட்டத்தைக் காண்கிறான். ஊடுருவவொண்ணாத திடப்பொருளென மருள்கிறான். உள்ளே நுழைந்ததும் ஈரக்காற்றன்றி வேறில்லை எனத் தெளிகிறான். அழகிய உவமைதான். ஆயினும் நுழையும் கால்களுக்கு வலுவில்லாதவன் என் செய்வான்? “அது வெறும் பனி” என்று கரையில் நின்று கூவுபவன் அவனுக்குத் துணையாகான். உடன் நடப்பவனே துணை.

மொழிபெயர்ப்பாளரோடு நமக்கொரு வழக்குண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவரின் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்று நூலின் துணைத்தலைப்பிலேயே பறைசாற்றுகிறார். ஒற்றுமை உண்மை, ஆனால் 1960-களில் ஆரன் பெக் வகுத்த அம்முறை, சிகிச்சையாளரும் நோயுற்றவரும் வாரந்தோறும் அமர்ந்து செய்யும் பயிற்சி, ஆய்வுகளால் சோதிக்கப்பட்டது. “எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது” என்னும் பெருமிதத்தோடு நூலை மூடிவிட்டு, மருத்துவரிடம் செல்ல வேண்டியவரை வீட்டிலேயே இருத்திவிட்டால், அது பல்கீக்குச் செய்யும் மரியாதையாகுமா?

இன்னொரு சிக்கல். வஸ்வாஸால் வாடுவோர் தனித்திருத்தல் ஆகாது என்பது பல்கீயின் எச்சரிக்கை. ஆனால் நம்மவர் உடனே நினைவுகூர்வது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தனிமையை அன்றோ! ஹிஜ்ரி 488-ல் (கி.பி. 1095) பக்தாதில் பாடஞ்சொல்லிக் கொண்டிருந்த இமாமவர்களின் நா கட்டுண்டது, உணவு செரிக்கவில்லை. கல்பில் புகுந்த கவலை தணிந்தாலன்றி மருந்து பலியாது என மருத்துவர்கள் கைவிட்டதை, ‘அல்முன்கித் மினள் ளலால்’ நூலில் அவர்களே எழுதியுள்ளார்கள். தம் அறிவின் எல்லையை ஒப்புக்கொண்ட அம்மருத்துவர்களின் நேர்மையை நாம் போற்றுகிறோம்.

பின்னர் திமிஷ்கின் பள்ளிவாசல் மினாராவில் கதவடைத்து இருந்தார்கள். இதைக் காட்டி, பதறும் பிள்ளையை அறைக்குள் அடைத்து, “திக்ரு செய், சரியாகிவிடும்” என்போர் உளர். இமாமவர்களைக் கலக்கியது, புகழுக்கும் மறுமைக்குமிடையே எவ்வாழ்வை ஏற்பது என்னும் கேள்வி. விட்டு விலகுதலே அதற்கு விடையாயிற்று. ஓயாத ஐயத்தால் நூறுமுறை ஒளூச் செய்பவனுக்கோ, சந்தையில் நெஞ்சடைத்து நிற்பவளுக்கோ அதே விலகல் நோயை வளர்க்கும்; அவர்களுக்குப் பல்கீயின் சொல்லே பொருந்தும்.

மேலும் அத்தனிமையின் கதையை முழுதும் படிப்போர் சிலரே. குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்த பின்னரே இமாமவர்கள் பக்தாதை விட்டு நீங்கினார்கள். இறுதியில் பிள்ளைகளின் அழைப்பே தம்மை ஊருக்கு இழுத்ததென்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.