பகல் இரண்டு மணி வரை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆகஸ்ட் என்றால் வெட்டுக்கிளிக் காலம். மேடிசன், யெல்லோஸ்டோன் ஆறுகளின் கரைப் புல்லில் காற்று அடிக்க, வெட்டுக்கிளிகள் தவறி நீரில் விழும். டிரவுட் மீன்கள் கரையை ஒட்டி அதற்காகவே காத்திருக்கும்.

இப்படிப்பட்ட பூச்சிகளைப் போலவே மான் முடி, நூல் முதலியவற்றால் தூண்டில் முள்ளின் மேல் கட்டும் போலியைத்தான் 'ஃப்ளை' என்கிறார்கள். மான் முடிக்குள் காற்றறைகள் உண்டு, அதனால் மிதக்கும். ஏறக்குறைய எடையே இல்லாத அதை எப்படி எறிவது? தூண்டில் கயிற்றின் கனம்தான் அதைத் தூக்கிச் செல்கிறது. கயிறு பின்னால் முழுக்க விரியும்வரை பொறுத்து, பிறகே முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமை கைக்கு வந்த ஒருவர் வீசுவதைப் பார்ப்பதே எனக்குப் போதும், மீன் கடிக்காவிட்டாலும்.

அதே மாநிலத்தின் ஹெப்கன் ஏரியில் ஆட்டம் வேறு. காற்றில்லாத கோடைக் காலையில், செத்து மிதக்கும் சிறு பூச்சிகளை மீன்கள் வரிசையாக விழுங்கியபடி நகரும். அடுத்து எங்கே வாய் திறக்கும் என்று கணித்து அங்கே போட வேண்டும்.

வெயிலில் நீர் சூடேற ஏற அதில் ஆக்சிஜன் குறையும். தொடர்ந்து மூன்று நாள் ஓர் ஆற்றின் நீர் வெப்பநிலை சுமார் 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை அந்த ஆற்றில் மீன்பிடிக்கத் தடை வரலாம். இந்த விதியை நான் மனதார மதிக்கிறேன். சூடான நீரில் போராடிக் களைத்த டிரவுட், விட்டுவிட்டாலும் இறந்துபோகக்கூடும். நல்ல மீன்பிடிப்பவரின் பையில் வெப்பமானி இருக்கும். தடை வருமுன்னே அவர் கயிற்றைச் சுற்றிவிடுவார்.