மணிமேகலையில் மனையிலார் வாழ்வு

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரின் வளத்தைப் பாடிய தமிழ் நூல்கள் பல. அந்நகரத்து அட்டிற்சாலைகளில் வடித்த சோற்றுக் கஞ்சி ஆறுபோற் பரந்தோடியதெனப் பட்டினப்பாலை கூறும். அச்சோற்றை உண்டார் யாவர், உண்டபின் எங்கு உறங்கினர் என்பன அப்பாட்டின் எல்லைக்குள் வாரா. அவ்வினாக்களுக்கு விடை காணவேண்டின், நாம் மணிமேகலையை நாடுதல் வேண்டும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டு இக்காப்பியத்தைப் பதிப்பித்த நாள்தொட்டு, அதன்கண் அமைந்த பசிப்பிணி தீர்க்கும் அறத்தை அறிஞர் பலரும் போற்றியுள்ளனர். எனினும் அவ்வறத்தைத் தொடங்கிய ஆபுத்திரனே மனையற்றவன் என்பது போதிய அளவு எண்ணப்படவில்லை. பிறந்தவுடன் தாயாற் கைவிடப்பட்டவன் அவன். வேள்விக்கென நிறுத்திய ஆவை விடுவித்தமையால் வளர்த்த வீட்டினின்றும் ஊரினின்றும் வெளியேற்றப்பட்டவன். மதுரையிற் சிந்தாதேவி கோயிலின் அம்பலமே அவனுக்கு இடமாயிற்று. பகலில் வீடுதோறும் இரந்து பெற்ற சோற்றைக் கொணர்ந்து, குருடர், செவிடர், முடவர், நோயாளர், காப்பாரற்றோர் ஆகிய அனைவரையும் கூவியழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, இரந்த ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான் என்பர் சாத்தனார்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அமுதசுரபி அவன் கைக்கு வந்தது இதன் பின்னரே. மழைபெய்யும் நள்ளிரவில் பசித்து வந்தோர்க்கு ஈய ஒன்றுமின்றி அவன் வருந்தியபோது தேவி அதனை அளித்தாள். தெய்வத்தின் துணை வருமுன்பே இல்லாதார் தம்முட் பகிர்ந்துண்டு வாழ்ந்தனர் என்பது இவ்வைப்பு முறையாற் போதரும். ஆகலின், வற்றாத பாத்திரத்தினும் இரந்த ஓடே இக்காப்பியத்தின் சிறந்த படைப்பு என்பது எம் கருத்து.

புகார் நகரத்து உலக அறவியும் இத்தகையதே. பல ஊர்களினின்றும் பசித்து வந்தோரும், ஆதரவற்றோரும், நோயுற்றோரும் அப்பொது அம்பலத்தில் தங்கியிருந்தமையைக் காயசண்டிகை மணிமேகலைக்கு எடுத்துரைக்கின்றாள்.

இனிக் குறையொன்றும் கூறல் வேண்டும். மழை பெய்து பாண்டிநாடு வளங்கொண்டதும் ஆபுத்திரனை நாடி வருவார் இலராயினர். இவ்வளத்தை இந்திரனது சினத்தின் விளைவாகவே புலவர் காட்டுகின்றார். ஈவோன் உற்ற துயரம் விரித்துரைக்கப்படுகின்றது. பசி நீங்கியோர் உற்ற மகிழ்ச்சியோ ஒரு சொல்லும் பெறவில்லை. அவர் எக்காரணத்தால் மனையிழந்தனர் என்பதும் பழவினைக் கோட்பாட்டுள் மறைகின்றது. ஈகையின் பெருமையை நாட்ட முனைந்த காப்பியம் ஏற்போரின் வரலாற்றை எழுதாது விட்டது.

ஆயினும் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகும் பகுதி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. மணிமேகலை சோழனிடம் பொன்னும் பொருளும் வேண்டினாள் அல்லள். அரசுக்குரிய கட்டடம் ஒன்றையே அறத்திற்கு வேண்டினாள். இதனால் உறைவிடம் அளித்தல் தனியொருவர் அருளளவில் நில்லாது அரசின் கடனாகவும் ஆகின்றது.

தஞ்சை நாட்டின் பிற்கால வரலாறு இவ்வுண்மையை வலியுறுத்தும். இரண்டாம் சரபோசி மன்னர் 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கர்க்கும் வறியார்க்கும் உணவும் தங்கிடமும் தந்தது. ஆயின், வயலில் உழைத்து நெல் விளைத்தோர் குடிசையோ பெரும்பாலும் நிலக்கிழார் மனையிலேயே நின்றது. வேலை போயின் கூரையும் போகும் என்ற அச்சம் அவர்களை விட்டு அகலவில்லை. கூலிப்போராட்டம் மூண்ட காலத்தில், 1968 திசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரியுண்டு மாண்டனர். அந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டு எழுந்தது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. குடியிருந்த மனையைக் குடியிருப்போர்க்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது.

அம்பலமும் சத்திரமும் ஓரிரவின் துயர் தீர்ப்பன. மனையுரிமையோ துயரின் வேரையே களைவது. சாத்தனார் முன்னதை முழுமையாகக் கண்டார். பின்னதன் வாயில்வரை வந்து நின்றார். மணிமேகலையை ஆராயும் மாணவர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பாராயின், அக்காப்பியத்தின் உயர்வும் எல்லையும் ஒருங்கே விளங்கும்.