சரத்தின் அடிப்பக்கம்

ஒரு பூச்சரம் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று தெரிய அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் எல்லாச் சரமும் வெள்ளை வெளேரென்று ஒன்றுபோலத்தான் இருக்கும். கட்டியவர் கை தெரிவது அடிப்பக்கத்தில். காம்புகள் ஒரே அளவில் குறுக்கிட்டு, முடிச்சுகள் துருத்தாமல், நார் நேர்கோடாக ஓடினால் அது தேர்ந்த கை. அந்தச் சரத்தைத் தொங்கவிட்டால் முறுக்கிக்கொள்ளாது. நார் தீர்ந்து புது நார் சேர்த்த இடத்தை விரலால் தடவினாலும் அகப்படாது. பெண் பார்க்கப் போன வீட்டில் தட்டில் வைத்த பூவை இப்படித் திருப்பிப் பார்த்த பெரியம்மாக்கள் உண்டு என்று கேட்டிருக்கிறேன். சரத்தை வைத்துப் பெண்ணை எடைபோடுவது அநியாயம்தான். ஆனால் சரத்தை எடைபோடத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

கோலத்துக்குப் போட்டி இருக்கிறது, பரிசு இருக்கிறது, மார்கழியில் படம் பிடித்துப் போடப் பத்திரிகைகள் இருக்கின்றன. சமையலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் பூத் தொடுப்பது மட்டும் இன்றுவரை ‘சும்மா உட்கார்ந்திருக்கும்போது’ செய்கிற வேலை. கை இங்கே இருக்கும், கண் தொலைக்காட்சியில் இருக்கும், வாய் அடுத்த தெருவில் நடந்த கல்யாணத்தில் இருக்கும். அப்படியும் சரம் கோணாமல் வளர்ந்துகொண்டே போகும். பார்த்தே கட்டுகிறவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பார்க்காமல் கட்டுகிறவர்கள்தான் கைதேர்ந்தவர்கள்.

வேலை பார்க்க எளிது. வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் தலை. காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. இடது கைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வலது கை விரலில் ஒரு கண்ணி போட்டு, அதைப் பூவின் தலை வழியாக நுழைத்துச் சுருக்க வேண்டும். சூட்சுமம் எல்லாம் அந்தச் சுருக்கில். இழுப்பு தளர்ந்தால் பூ நழுவும், கூடினால் காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும். நூலை விட நாரை உயர்த்திப் பேசுவது இதனால்தான். நூல் மெலிந்தது, இழுத்தால் வெட்டும். நார் தட்டையானது, ஈரத்தில் ஊறினால் காம்பை அணைத்துப் பிடிக்கும், உலர்ந்ததும் தானே இறுகும். கடைச் சரங்களில் நூல் புகுந்ததற்குக் காரணம் வேகம். வேகத்துக்கு நான் விரோதியில்லை, ஆனால் நூலில் கட்டிய சரத்தைக் கையில் வாங்கியதும் ஒரு விறைப்பு தெரியத்தான் செய்கிறது.

இந்தக் கலையில் நான் மிகவும் வியப்பது இடைவெளியைத்தான். மல்லிகையை மொட்டாகத் தொடுக்கிறோம், மலராகச் சூடுகிறோம். பொழுது விடியும் முன் பறித்த மொட்டு காலையில் சந்தைக்கு வந்து, மதியத்துக்குள் வீட்டுக்கு வந்து, மூன்று நான்கு மணிக்கு நாரில் ஏறுகிறது. விளக்கு வைத்த பிறகுதான் விரிகிறது. ஆகவே கட்டுகிறவர் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பூவுக்கு இடம் விடுவதில்லை. இன்னும் நான்கு மணி நேரம் கழித்து வரப்போகிற பூவுக்கு இடம் விடுகிறார். மொட்டுக்கு மொட்டு ஒட்டிக் கட்டினால் மதியம் பார்க்க அழகு, இரவில் இதழோடு இதழ் இடித்துக் கசங்கும். தள்ளித் தள்ளிக் கட்டினால் விரிந்த பிறகும் நார் பல்லைக் காட்டும். தெருமுனையில் முழம் போடுகிறவர்களிடம் இந்த இரண்டாவது வகைதான் கிடைக்கும். குறைந்த பூவில் நிறைய முழம் என்பது அவர்கள் பிழைப்பு, குற்றம் சொல்வதற்கில்லை. வீட்டில் லாப நஷ்டம் இல்லை, அதனால் நடுவில் நிற்கும் அந்த அளவைத் தேட முடிகிறது. அளவுகோலால் அது கிடைக்காது. அன்றைய மொட்டின் பருமனைப் பார்த்து விரலே முடிவு செய்கிறது.

பூவும் ஒத்துழைக்க வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எடுத்துச் சொல்லப்பட்டவை இதழின் தடிப்பும் நீளமான காம்பும். தொடுக்கிறவருக்கு அந்தக் காம்புதான் பெரிய வரம், பிடி கிடைக்கும். முல்லை சிறியது, பொறுமையைச் சோதிக்கும். ஆனால் முல்லைச் சரத்தின் மென்மை மல்லிக்கு வராது. பிச்சிக்கு மொட்டிலேயே இளஞ்சிவப்புச் சாயல் உண்டு, வாசம் கொஞ்சம் தூக்கல். கனகாம்பரத்துக்கு வாசமே இல்லை, எடையும் இல்லை. வழவழவென்று விரலில் நிற்காது என்பதால் பழகாதவர்கள் அதை வெறுப்பார்கள். இரண்டு நாள் வாடாமல் இருக்கும் அதன் ஆரஞ்சு நிறத்தை மல்லிகைக்கு நடுவே எத்தனை பூவுக்கு ஒருமுறை விடுவது என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு. மரிக்கொழுந்து ஒரு கொத்து சேர்ந்தால் கதம்பம். பச்சை அதிகமானால் கீரைக்கட்டு.

நவம்பர் கடைசியில் மல்லிகைச் செடியைக் கவாத்து செய்துவிடுவார்கள். மார்ச்சில் தொடங்கிக் கோடை முழுக்கக் கொட்டும். நடுவில் பனிக்காலத்தில் மொட்டு அரிதாகி, பொங்கல் சமயத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறும். அந்த மாதங்களில் கொல்லையில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் டிசம்பர் பூதான் துணை. வாசமில்லாத எளிய பூ. பணக்காரப் பூ இல்லாதபோது வருகிற விருந்தாளி என்று அதை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஊதாச் சரத்தைப் போல முடிச்சின் நேர்த்தியைக் காட்டிக்கொடுக்கும் சரம் வேறில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் மாணிக்கமாலை என்று ஒன்று கட்டுகிறார்கள். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்து, பதித்த கற்கள்போல் பட்டையாகத் தொடுப்பது. 2025-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பார்த்தால் கண் அகலாது. அது தொழில் அறிந்த குடும்பங்களின் கலை, தெய்வத்தின் மார்புக்கும் மேடைக்கும் உரியது. வீட்டுச் சரம் அதோடு போட்டிக்கு நிற்காது. அதைச் சூடியவரே பார்க்க முடியாது, பின்னால் நடந்து வருகிறவருக்குத்தான் தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் இந்த ரசனை முழுமையாகாது. எனக்குத் தெரிந்து எங்கள் உறவில் மிக நேர்த்தியாகக் கட்டியவர் ஓர் அத்தை. இளம் வயதில் கணவரை இழந்தவர். விசேஷ வீடுகளில் கூடை கூடையாக உதிரிப்பூவை அவர் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் கட்டியதை எல்லோரும் சூடுவார்கள், அவர் சூடமாட்டார். சூடக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதாக நினைவில்லை; சொல்லத் தேவைப்படவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டு தலையை ஒதுக்கிய வழக்கம் அது. இன்று பல வீடுகளில் அது தளர்ந்திருக்கிறது. தளர்ந்த பிறகும் அத்தை சூடிக்கொள்ளவில்லை. “பழக்கமில்லடி, தலை கனக்கும்” என்பார்.

கட்டி முடித்ததும் பங்கீடு. முதல் துண்டு சாமி படத்துக்கு, அடுத்தது இறந்தவர்கள் படத்துக்கு, பிறகு வயது வரிசையில் வெட்டிக்கொண்டே வருவது. பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு ரெட்டைப் பின்னலுக்கு இரண்டு துண்டு, அதனால் தங்கைக்கும் இரண்டு வேண்டும் என்று ஒரு வழக்கு. அண்டை வீட்டுக்கு ஒரு முழம் போகும். அது திரும்பக் கறிவேப்பிலையாகவோ முருங்கைக்காயாகவோ வரும். முழம் என்றால் யார் கை முழம் என்ற தகராறு கடையில் மட்டும்தான், வீட்டில் நீளமான கையால் அளப்பதே மரபு.

மிச்சமான சரத்தை ஒரு காலத்தில் வாழையிலையில் சுருட்டி ஈரத்துணியில் வைத்தார்கள். இப்போது எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டிக்குள். அதில் ஒரு சங்கடம், மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பால் அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை முதல் டம்ளர் காபி அப்பாவுக்குப் போகும். ஒரு வாய் குடித்துவிட்டு, “பாலுக்குப் பூ வைச்சது யாரு?” என்று கூடத்திலிருந்து கேட்பார். அதற்குள் அம்மா சமையலறை அலமாரியில் வேறு மூடி தேடத் தொடங்கியிருப்பார்.