ரெனோ 5 ஜிடி டர்போவா, ஃபியட் ஊனோ டர்போவா?

1985இல் ஐரோப்பியச் சாலைக்கு வந்த இந்த இரண்டு குட்டிக் கார்களையும் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். ரெனோவின் உடலை வரைந்தவர் மார்செல்லோ காந்தீனி. லம்போர்கினி கவுன்டாக்கைத் தந்த அதே கை. ஊனோ, ஜோர்ஜெட்டோ ஜுஜாரோவின் படைப்பு. இருவரும் 1938 ஆகஸ்டில் பிறந்த இத்தாலியர்கள். 1990களின் பிற்பாதியில் நம் ஊரிலும் ஊனோ ஓடியது, ஆனால் டர்போ இல்லாமல்.

ரெனோவில் உட்கார்ந்து கிளம்பினால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 3,000 சுற்றுக்குக் கீழே எஞ்சினில் உயிரே இல்லை. அதைத் தாண்டியதும் டர்போ விழித்துக்கொள்கிறது. அவிழ்த்துவிட்ட காளை மாதிரி கார் பாய்கிறது. பவர் ஸ்டியரிங் கிடையாது என்பதால் முன்சக்கரங்களின் இழுப்பு நேராகக் கைக்கு வருகிறது. எடை சுமார் 850 கிலோ, திறன் 115 குதிரைத்திறன்; 1987க்குப் பின் 120. வளைவுகளில் இதைப் போல் மகிழ்ச்சி தரும் பழைய கார்கள் வெகு சிலவே.

இத்தனைக்கும் உள்ளே இருப்பது 1962இல் பிறந்த வார்ப்பிரும்பு எஞ்சின். 1397 சிசி, புஷ்ராடு அமைப்பு, பெட்ரோல் கொடுப்பது கார்புரேட்டர். சூடான டர்போவுக்குப் பக்கத்திலேயே கார்புரேட்டர் இருப்பதுதான் சிக்கல். ஓடிக் களைத்த வண்டியை நிறுத்தினால் அந்த வெக்கையில் பெட்ரோல் கொதித்துவிடும்; உடனே மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். 1987இல் வந்த இரண்டாம் கட்ட மாடலில் டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு கொடுத்தார்கள். இந்தப் பழைய எஞ்சினை வைத்துத்தான் அலேன் ஒரேய் 1989 ஐவரி கோஸ்ட் ராலியை வென்றார். ஏறக்குறைய ஷோரூம் நிலையிலான குரூப் என் கார், உலக ராலிச் சுற்றொன்றை வென்ற ஒரே தருணம் அது.

ஊனோவின் பொறியியல் ஒரு படி முன்னே. போஷ் இன்ஜெக்ஷன், எஞ்சின் தட்டினால் உணர்ந்து தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிவைக்கும் மரெல்லி மைக்ரோபிளெக்ஸ். வெயிலிலும் குளிரிலும் ஒரே சாவித் திருப்பலில் எழுந்துவிடும். முதல் மாடலுக்கு 105 குதிரைத்திறன். பின்னர் வந்த 1372 சிசி மாடலுக்கு 118. உயரமான கூரை, விசாலமான கண்ணாடிகள். தினமும் ஓட்ட இதுதான் சுகம். ஆனால் வளைவில் உடல் சாய்கிறது, ஸ்டியரிங் அவ்வளவு பேசுவதில்லை.

வாங்கப் போகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டிலும் டர்போ அழுத்தத்தை ஏற்றுவது எளிது என்பதால் பெரும்பாலான வண்டிகள் இளைஞர்களின் கையில் திருத்தப்பட்டுவிட்டன. ரெனோவில் அழுத்தத்தை மட்டும் ஏற்றி, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் விட்டிருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் உருகும், ஹெட் கேஸ்கட் போகும். சக்கர வளைவுகளின் பிளாஸ்டிக் விளிம்புக்குள் ஈரம் தங்கித் துரு தின்னும். அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

என் ஓட்டு, கை வைக்கப்படாத இரண்டாம் கட்ட ரெனோவுக்கு. திருத்திய ரெனோ ஒன்றும் அசலான ஊனோ ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால், யோசிக்காமல் ஊனோவை வாங்குங்கள்.